கதவு மூடியிருக்கிறது

சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழ் ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு பச்சை நிற நெட்வொர்க் கார்டை வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத கார்டு. நடுவில் கறுப்பாக ஒரு சில்லு, ஓரத்தில் தங்கநிறப் பற்கள். என் அக்கா குழம்புச் சட்டியுடன் வந்து, வைக்க இடமில்லாமல் நின்றாள். "தொட்டில்ல புள்ளய போட்ட மாதிரி பார்த்துக்கிட்டு நிக்கிறாரு பாரு. எடுங்கலா, சோறு ஆறுது" என்றாள். அத்தான் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த கடைசி சில தடவைகளில் ஒன்று அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கில் அவர்கள் புதிதாக வாங்கியிருந்த வரிசை வீட்டில், சுவரில் பெயின்ட் வாசம்கூடப் போயிருக்கவில்லை.

அத்தான் ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார், அம்மா பால்மரம் வெட்டினார். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் கோலாலம்பூருக்குப் போய் மின்னணுப் பொறியியல் படித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெரிய தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் கிலாங்கில், வேலைக்குச் சேர்ந்தபோது, தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்தார்களாம். அக்காவைக் கட்டியபின் அவர் எங்கள் வீட்டுக்கும் பெருமையானார். நான் ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பை நிறுத்தியவள். அவர்தான் அதே கிலாங்கில் உற்பத்திக் கணக்கு எழுதும் கிளார்க் வேலைக்கு மனுப்போடச் சொன்னார். வேலை கிடைத்ததும் அவர்கள் வீட்டிலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டேன். ஆனால் காலையில் அவருடைய காடியில், அதாவது காரில், போகமாட்டேன். பொறியியலாளரின் கொழுந்தியா என்று பெண்கள் பேசுவார்கள் என்று கூச்சம். கிலாங் பஸ்ஸில்தான் போவேன்.

அந்த பஸ்ஸில்தான் தெங்கேரா ஆன்ட்டி எனக்குப் பழக்கமானார். தெங்கேராவின் பழைய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்த, எங்கள் கிலாங்கில் இயந்திரத்தில் வேலை செய்த கிறிஸ்தவப் பெண். நாற்பது வயது இருக்கும். எல்லாரும் அப்படித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். பஸ் கடற்கரைச் சாலைக்கு வந்து என்னை ஏற்றும் முன்பே அவர் ஏறி, எனக்கு ஜன்னலோர இருக்கை ஒன்றைப் பையை வைத்துப் பிடித்திருப்பார். நான் எப்போதும் ஈரத்தலையோடு ஓடிவந்து ஏறுகிறவள். உட்கார்ந்ததும் அவர் என் தோளைத் திருப்பிப் பின்னல் போட ஆரம்பித்துவிடுவார். பஸ் எத்தனை குலுங்கினாலும் வகிடு கோணாது. "தலைய ஆட்டாத பிள்ள, ஒரு நாளாச்சும் சீக்கிரம் எந்திரிச்சிப் பாரேன்" என்று முதுகில் ஒரு தட்டு விழும். அவருடைய கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார், மாதம் ஒருமுறை வருவார். ஒரே மகள், மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியின் பேச்சு பெரும்பாலும் அந்தப் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கும்.

எங்கள் கிலாங்கில் மின்னணுச் சில்லுகளுக்குக் கறுப்புப் பிசினால் உறை போடுவார்கள். அதைச் செய்கிற அச்சு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்கு ஒரு கதவு. உள்ளே தகடு சிக்கிக்கொண்டால் பெண்கள் கதவைத் திறந்து, கையை விட்டு எடுத்துவிட வேண்டும். கதவு திறந்திருக்கும்வரை இயந்திரம் அசையக் கூடாது. அதற்காக ஒவ்வொரு கதவிலிருந்தும் இயந்திரத்துக்கு நேராக ஒரு வயர் போயிருந்தது. கதவு திறந்தால் மின்சாரமே அறுந்துவிடும். கதவின் மேலிருக்கும் விளக்கும் பச்சையாகும், இனி கையை விடலாம் என்று அர்த்தம். அந்த வயரை யாருக்கும் பிடிக்காது. பக்கத்தில் யாராவது தள்ளுவண்டியை இடித்துக் கதவு லேசாக ஆடினாலும் இயந்திரம் நின்றுவிடும். நின்றால் சூடு இறங்கிவிடும், திரும்ப ஏற நேரமாகும், அன்றைய எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் கத்துவார்.

இதை மாற்றத்தான் அத்தானின் புதிய ஏற்பாடு வந்தது. எல்லா இயந்திரங்களையும் ஒரு நெட்வொர்க்கில் இணைத்து, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, சூடு எவ்வளவு, தகடு சரியாக உட்கார்ந்ததா என்று எல்லாவற்றையும் சின்னச் சின்னச் செய்திகளாக, அவர்கள் மொழியில் பாக்கெட்டுகளாக, ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்கு அனுப்புவது. அந்தக் கருவியில் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரோகிராமை எழுதியவர் அத்தான். அன்று மேசையில் கார்டை வைத்துக்கொண்டு அவர் எங்களுக்கு விளக்கியது நினைவிருக்கிறது. முன்பு கம்பியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் ப்ராசசரே துண்டு துண்டாக எடுத்து மெமரியில் வைக்கவேண்டியிருந்ததாம். அதிலேயே அதன் நேரம் போய்விடும். "இந்தக் கார்டுல அதுக்குன்னே தனியா ஒரு சில்லு இருக்கு. அது ப்ராசசரக் கேட்காமலே செய்திய நேரா மெமரியில காப்பி பண்ணிடும். முடிஞ்சதும் 'வந்திருச்சு'ன்னு ஒரு சிக்னல் குடுக்கும். ப்ராசசர் வந்து படிச்சிக்கிட்டா போதும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்லா" என்றார். அக்கா, "சரி சரி, இந்த ரசத்த நீங்களே காப்பி பண்ணிக்கிங்க" என்று கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

ஏற்பாடு நன்றாகவே ஓடியது. மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார்கள். கொஞ்ச நாளில் பிளாண்ட் மேனேஜர் கதவு வயர்களைக் கழற்றச் சொன்னார். கதவின் நிலைதான் நெட்வொர்க்கில் வருகிறதே, ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு என்பது அவருடைய வாதம். அந்தக் கூட்டத்தில் அத்தானும் இருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தன் புரோகிராம் வயரைவிட வேகமானது என்று அவர் நம்பினார். வயர்கள் போனபின் இயந்திரங்கள் நிற்பது குறைந்தது. பெண்களுக்கும் சந்தோஷம்தான். தெங்கேரா ஆன்ட்டிகூட பஸ்ஸில், "ஒங்க அத்தானுக்குக் கோயில் கட்டணும் பிள்ள, இப்பல்லாம் டார்கெட் முடிச்சிட்டு டீ குடிக்கக்கூட நேரம் இருக்கு" என்றார்.

மதிய ஷிப்டில் அது நடந்தது. என்னுடைய மேசை மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து கீழே கூடம் முழுக்கத் தெரியும். முதலில் ஒரு கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தபோது நீலத்தொப்பிகள் ஒரே இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்கள் வேலிக் கதவுக்குள் நுழைந்து இயந்திரத்தைக் கையால் மேலே தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி ஓடினேன். அதற்குள் தெங்கேரா ஆன்ட்டியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். வலது கையில் யாரோ ஒருவருடைய மேலங்கி சுற்றியிருந்தது. ஆன்ட்டி அழவில்லை. முகம் வெளுத்து, என்னைப் பார்த்து, "என் மவ ஸ்கூல் விட்டு வந்திருவா, வீட்டு சாவி என் பையில இருக்கு" என்றார். அந்தச் சூட்டில் நசுங்கிய விரல்களைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணை என்று கிலாங்குக்குள்ளேயே ஒன்று நடந்தது. கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொரு அசைவையும் பதிந்து வைக்கும். அந்தப் பதிவை எடுத்துப் படித்துச் சொல்லும்படி அத்தானை அழைத்தார்கள். அவர் படித்தார். அச்சு இறங்கிய நேரத்தில் கதவு மூடியிருக்கிறது என்றுதான் அதில் இருந்தது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்ததாக வந்தது. அது மற்றவர்கள் அவரைக் காப்பாற்ற ஓடிவந்தபோது திறந்தது என்று முடிவு செய்தார்கள். ஆகவே அந்தப் பெண் கதவைத் திறக்காமல், வேலியின் பக்கவாட்டு இடைவெளியில் கையை விட்டிருக்கிறார், விதியை மீறியிருக்கிறார், தவறு அவருடையது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவருக்கு அப்படியே கடிதம் போனது.

நான் அவரைப் பார்க்கப் போனபோது ஆன்ட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் குரல் கேட்டதும் திரும்பினார். வலியைப் பற்றிப் பேசவில்லை. "நான் கதவத் தொறந்துட்டுத்தான் கைய விட்டேன் பிள்ள. கதவு மேல உள்ள லைட்டு பச்சையா மாறுச்சு. நான் பார்த்தேன். இத்தன வருசமா வேல செய்றேன், சந்துல கைய விடுற ஆளா நானு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் வீட்டுக்காரரே கேக்குறாரு, நெசமா தொறந்தியான்னு" என்றார். அப்போதுதான் அவருக்குக் கண்ணீர் வந்தது. துடைக்க வலது கையைத் தூக்கி, துணிக்கட்டைப் பார்த்து, இடது கையால் துடைத்துக்கொண்டார்.

அன்று சாப்பாட்டின்போது இதை அத்தானிடம் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "வலியில இருக்கறவங்களுக்கு நடந்தது சரியா ஞாபகம் இருக்காது. மெஷின் பதிவு பொய் சொல்லாதுமா" என்றார். நான் விடவில்லை. லைட் பச்சையானதைப் பார்த்ததாகச் சொல்கிறாரே என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. கதவு விளக்கு கதவு சுவிட்சிலிருந்து நேராக எரிவது, நெட்வொர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். "பச்சைன்னு சொன்னாங்களா? அந்த வார்த்தையவா சொன்னாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து கைகழுவிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவர் பரிசோதனை அறையை விட்டு வெளியே வரவில்லை. கருவி ஒன்றைத் தனியாக மேசையில் வைத்து, கதவு சுவிட்ச் ஒன்றை அதில் இணைத்து, கையால் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. பிறகு கூடத்தில் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது கம்பியில் எவ்வளவு செய்திகள் நெரியுமோ அவ்வளவையும் செயற்கையாக அனுப்பி, அந்த நெரிசலுக்கு நடுவே கதவைத் திறந்து பார்த்தார். கடைசியில் ஒரு தடவை, அவருடைய விரல் சுவிட்சைத் திறந்து பிடித்திருந்தபோதே, திரையில் 'கதவு மூடியிருக்கிறது' என்று வந்தது. அடுத்த செய்தி வந்ததும் மாறிவிட்டது. அந்த இடைவெளி ஒரு கண்சிமிட்டல்தான். அச்சு இறங்குவதற்கு அது போதும்.

அன்று மாலை அவருடைய காடி வாசலில் வந்து நின்று வெகுநேரம் ஆகியும் அவர் இறங்கவில்லை. அக்கா போய்க் கண்ணாடியைத் தட்டினாள். நானும் பின்னால் போனேன். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டே, "அந்த அம்மா பொய் சொல்லல" என்றார்.

பிறகு உள்ளே வந்து எங்களுக்கு விளக்கினார். எங்களிடம் விளக்கினார் என்பதைவிட, தனக்கே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டார் என்பதுதான் சரி. கார்டு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கதவு திறந்துவிட்டது என்ற செய்தியை அது மெமரியில் ஒழுங்காகக் காப்பி செய்து, சிக்னலும் கொடுத்திருக்கிறது. ஆனால் ப்ராசசர், தான் கொஞ்சம் முன்பு படித்தவற்றின் பிரதி ஒன்றைத் தன்னருகிலேயே வைத்திருக்கும். தூரத்து மெமரிக்கு ஒவ்வொரு முறையும் போகாமல் இருப்பதற்காக அப்படி. கார்டு அதைக் கேட்காமலே மெமரியை மாற்றிவிடுவதால், மாற்றம் நடந்தது ப்ராசசருக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பழைய பிரதியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகப் போய்ப் படி என்று புரோகிராம்தான் அதற்குச் சொல்லவேண்டும். அத்தான் சொல்லியிருந்தார். ஆனால் சொன்ன இடம் கொஞ்சம் முந்திவிட்டது. நெரிசலான நேரத்தில், எறிந்ததற்கும் புதிய செய்தி வந்து விழுவதற்கும் நடுவே, பக்கத்தில் இருந்த வேறு எதையோ படிக்கப்போன ப்ராசசர் பழையதையும் சேர்த்து மீண்டும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. "புதுச் செய்தி மெமரியில இருக்கு. யாரும் அதப் படிக்கல. பழசப் படிச்சிட்டு, அதையே பதிவும் பண்ணியிருக்கு. அந்தப் பதிவத்தான் நான் எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு படிச்சேன்" என்றார்.

அக்கா, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் அவர் செய்த முதல் காரியம் புரோகிராமைத் திருத்தியது. எல்லாக் கருவிகளிலும் புதியதை ஏற்றிவிட்டுத்தான் மேனேஜரிடம் போனார். மேனேஜர் கோபப்படவில்லையாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்டுபிடித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, திருத்தியாகிவிட்டது அல்லவா, அந்தப் பெண்ணின் விஷயம் முடிந்துபோன விஷயம், இனி இதைப்பற்றி யாரிடமும் பேசவேண்டாம் என்றாராம். வயரைத் திரும்பப் போடலாமா என்று அத்தான் கேட்டார். இப்போது வயரைப் போட்டால் கழற்றியது தப்பு என்று ஆகிவிடும், அது முடியாது என்றார் மேனேஜர். வருட முடிவில் வெளிநாட்டுப் பயிற்சிக்கு அத்தானின் பெயரைச் சிபாரிசு செய்யப்போவதாகவும் சொன்னார்.

ஆன்ட்டி அதற்குள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, தேவாலயத்தில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்று கணக்கிட்டு, அத்தானைத் தெங்கேராவுக்கு நான் அழைத்துப்போனேன். முன்பக்கம் குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. இயேசுவின் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் மேசையில் பாடப்புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். எதிரே ஆன்ட்டி, இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். எழுத்துகள் பாலர் பள்ளிப் பிள்ளையின் எழுத்துகள் மாதிரி சரிந்து கிடந்தன. எங்களைப் பார்த்ததும் அந்தத் தாளை மடித்துவிட்டு, மகளை உள்ளே போகச் சொன்னார். உட்காருங்க சார் என்று நாற்காலியைக் காட்டினார். அத்தான் உட்காரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கார்டு, பிரதி, நெரிசல் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "நீங்க கதவத் தொறந்தீங்கக்கா. லைட்டு பச்சையாத்தான் இருந்துச்சு. நான் எழுதுன புரோகிராம்தான் பழசப் படிச்சிருச்சு. நான்தான் அங்க எழுந்து நின்னு நீங்க தொறக்கலன்னு சொன்னேன். தப்பு என்னுது" என்றார்.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் மகளின் கால்கள் தெரிந்தன. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்த மெஷின் முன்னால இப்ப யாரு நிக்கிறா?" என்று ஆன்ட்டி கேட்டார்.

புதிதாக வந்த ஒரு மலாய்ப் பெண் என்று நான் சொன்னேன்.

"சரி பண்ணிட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேன்."

"இனிமே நடக்கவே நடக்காதா?"

அத்தான் வாயைத் திறந்தார். நடக்காது என்று சொல்லத்தான் வந்திருப்பார். அவர் முதல் முறையும் அப்படித்தான் நம்பினார் என்பது அவருக்கு அப்போது நினைவு வந்திருக்கவேண்டும்.

"அந்த வயரத் திரும்பப் போடச் சொல்லுங்க" என்றார் ஆன்ட்டி. "எல்லாக் கதவுலயும். அதப் போட்டாத்தான் நீங்க இப்ப சொன்னதுக்கு அர்த்தம். நீங்க வந்து சொன்னீங்க, அதுக்கு நன்றி. என் வீட்டுக்காரர் கிட்டயும் நான் சொல்லணும். ஆனா இதுக்கப்புறம் இங்க வராதீங்க சார். ஒங்களப் பார்த்தா எனக்குக் கை வலிக்கிது."

திரும்பும் வழியில் கிளேபாங் கடைகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தேங்காய் மில்க்‌ஷேக் கடைகளும் வறுத்த மீன் கடைகளும் கூட்டமாக இருந்தன. அத்தான் எங்கேயும் நிறுத்தவில்லை. அடுத்த நாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்.

அக்கா அன்று சண்டைபோட்டாள். அவள் பக்கத்தையும் நான் சொல்லவேண்டும். அவள் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். "திருத்திட்டீங்க, அவங்ககிட்ட போய் மன்னிப்பும் கேட்டுட்டீங்க. இன்னும் என்னா? வேலைய விட்டுட்டா இந்த வீடு நிக்குமா? நம்ம புள்ளைக்கி யாரு பொறுப்பு?" என்று கேட்டாள். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். செருப்பைப் போடும்போது, "நாளைக்கி அந்த மலாய்க்காரப் பிள்ளையோட கையும் மெஷின்ல நசுங்குனா நான் எங்க போயி நிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவள் கதவைச் சாத்தினாள்.

அதிகாரிகள் வந்தார்கள். அத்தான் அவர்கள் கண்முன்னால், அதே பழைய புரோகிராமை ஏற்றி, அந்தப் பொய்யை வரவழைத்துக் காட்டினார். முதல் நாள் வரவில்லை. காலையிலிருந்து மாலைவரை சுவிட்சைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார், எல்லாம் சரியாகவே வந்தது. பின்னால் நின்ற மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நாள் மத்தியானம் வந்தது. அதிகாரிகளில் ஒருவர் எழுந்து திரைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். சில வாரங்களில் எல்லா வேலிக் கதவுகளிலும் வயர்கள் திரும்ப ஏறின. ஆன்ட்டிக்குப் போன கடிதம் ரத்தானது. அவருக்குச் சேரவேண்டிய நஷ்டஈடு வந்தது. கம்பெனியின் உள்விஷயங்களை வெளியே சொன்னதற்காக அத்தானை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மலாக்காவில் கிலாங்குகளுக்குப் பஞ்சமில்லை, இவருடைய படிப்புக்கு நாளைக்கே வேலை கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னோம். நேர்முகத் தேர்வுகள் நன்றாகத்தான் போகும். காப்பி கொடுப்பார்கள், கை குலுக்குவார்கள், எப்போது சேர முடியும் என்றுகூடக் கேட்பார்கள். பழைய இடத்துக்கு ஒரு போன் போகும். அத்தோடு சரி. அக்காவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. கவலையால்தான் என்று எங்கள் அம்மா சொன்னார். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அத்தான் அம்மா சொன்னதைத்தான் நம்பினார். அதன்பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுக் கிளேபாங்கில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருடம் வந்தபோது, நல்ல நிலையில் இருந்தவர்களையே கிலாங்குகள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அத்தான் பொறியியல் வேலை தேடுவதை நிறுத்திவிட்டார். சின்ன வயதில் அப்பாவின் தோட்டத்து லோரியை ஓட்டிப் பழகிய கை. பஸ் லைசென்ஸ் எடுத்து, கிலாங்குகளுக்கு ஆள் ஏற்றும் ஒரு சீனரின் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்.

நான் அந்த வேலையை விடவில்லை. விட முடியவில்லை என்பதே உண்மை, அப்போது நிலையாகச் சம்பளம் வந்தது எனக்கு மட்டும்தான். மாடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்ப்பேன். வயர் வந்தபின் இயந்திரங்கள் மறுபடி அடிக்கடி நின்றன. பெண்கள் முணுமுணுத்தார்கள். பஸ்ஸில் ஒருத்தி என் காதுபடவே, "ஒரு ஆளுக்காக எல்லாரும் சூசா படுறோம்" என்றாள். சூசா என்றால் கஷ்டம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். தெங்கேரா ஆன்ட்டியின் பழைய இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன்.

அக்கா அத்தானை விட்டுப் போகவில்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், அவருடைய யூனிபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அந்த விஷயத்தை மட்டும் பேசவே மாட்டாள். ஒரே ஒரு தடவை துணி காயப்போடும்போது என்னிடம், "அவரு நல்லவருதான்லா. நல்லவரோட குடும்பம் நடத்துறதுதான் சூசா" என்றாள். அத்தானும் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இணையம் பற்றிக் கேட்டு வருவார்கள். எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு என்று அனுப்பிவிடுவார். இன்று என் கைபேசியில் பேத்தி முறையாகும் ஒரு குழந்தையின் படம் வந்து விழுகிறது. அதற்குள்ளும் ஏதோ ஒரு சில்லு யாரையும் கேட்காமல் அதைக் காப்பி செய்து வைத்திருக்கிறது, வேறெங்கோ யாரோ பழைய பிரதியை எறி என்று சரியான இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதியவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று சில வேளை நினைத்துப் பார்ப்பேன்.

ஆன்ட்டியை நான் மறுபடி பார்த்தது தொண்ணூறுகள் முடியும் தறுவாயில், ஒரு ஞாயிறு காலை பாசாரில். தோளில் பையை மாட்டி, இடது கையால் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். முடி எங்க பிள்ள போச்சு என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மேலே படிக்கக் காத்திருக்கிறாள், அதுவரைக்கும் தஞ்சோங் கிளிங் பக்கம் ஒரு கிலாங்கில் அலுவலக வேலை என்றார். நான் தலையாட்டினேன். அத்தானைப் பற்றி அவர் கேட்கமாட்டார் என்று நினைத்தேன்.

"ஒங்க அத்தான் ஓட்டுற பஸ்லதான் போறா" என்றார்.

"அவருக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியாது. அன்னைக்கி அவ ஒடனே உள்ள போயிட்டா, திரைக்குப் பின்னாலதான நின்னா. மொகம் அவருக்கு ஞாபகம் இருக்காது." மீனைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த வழியில வேற ரெண்டு பஸ்ஸும் போகுது. நான்தான் இதுல ஏறுன்னு சொன்னேன். நீ சொல்லிடாத. சொன்னா அவரு அந்த ரூட்ட விட்டுடுவாரு."

அவர் சொன்னது சரி, விட்டுவிடுவார். நான் சொல்லவில்லை. அத்தான் இறந்து இப்போது நான்கு வருடமாகிறது, கடைசிவரை அவருக்குத் தெரியாது.

பாசாரில் அப்படிப் பேசிய பிறகு, அந்த வருடமே ஒரு மாலை, மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. அத்தான் வழக்கமாகச் சாப்பிடும்போது பேசமாட்டார். அன்று என்னவோ தானாகவே ஆரம்பித்தார்.

"தெங்கேரா ஸ்டாப்புல ஒரு பிள்ள ஏறும். எறங்கும்போது தெனமும் நின்னு, 'தேங்க்ஸ் அங்கிள்'னு சொல்லிட்டுத்தான் எறங்கும். இன்னைக்கி இந்த மழையிலயும், கொடைய விரிச்சிக்கிட்டே திரும்பி நின்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார். மோரை ஊற்றிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "யாரோ நல்லா வளர்த்திருக்காங்க" என்றார்.

அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் அவர் சாப்பிட்டார்.